இருநூற்றுப் பதினான்கு உருப்படிகள்

மேஸ்திரி உளியைக் கதவு நிலையின் மேல் வைத்துச் சுத்தியலை ஓங்கவும், வாசலில் ஸ்கூட்டர் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. அந்த ஆளுக்கு இதே பிழைப்பு. இந்த வீட்டில் எவராவது சுத்தியலைக் கையில் எடுத்தால் போதும், ஊரின் அந்தக் கோடியில் அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

பழைய கட்டடப் பாதுகாப்பு அலுவலகத்தின் ஆய்வாளர் அவர். இடுப்பு பெல்ட்டில் எந்நேரமும் அளவு டேப் ஒன்று தொங்குவதால் மேஸ்திரி அவருக்கு டேப்காரர் என்று பெயர் வைத்திருந்தார். டேப்காரர் செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, பையிலிருந்து ஒரு தடித்த கோப்பை எடுத்து, எச்சில் தொட்டுப் பக்கங்களைப் புரட்டினார்.

"மேடம், இது அறுபத்து மூணாம் உருப்படி. தொடக் கூடாது."

"தொடாம எப்படிங்க? எங்கம்மாவோட வீல் சேர் இருபத்தஞ்சு அங்குலம். இந்த வாசல் இருபத்து மூணு. ரெண்டே ரெண்டு அங்குலம்தான் கேக்கறேன்."

"இருபத்து மூணுன்னு தெரியும் மேடம். நீங்களே எழுதியிருக்கீங்களே." கோப்பை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

அவளுடைய கையெழுத்துத்தான். குண்டு குண்டாக, ஒன்றின் மேல் ஒன்று சாயாத எழுத்து. 'ஒரே மரத்தில் இழைத்த நிலை. உட்பக்க அகலம் இருபத்து மூன்று அங்குலம். எக்காரணம் கொண்டும் மாற்றப்படக் கூடாதது.' அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அவளாகத்தான் எழுதினாள். அடியில் கோடு வேறு போட்டிருந்தாள்.

டேப்காரர் கெட்டவர் இல்லை, அதுதான் பெரிய தொல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டு மனசை ஆற்றிக்கொண்டிருக்கலாம். அவரோ கோப்பைத் தடவிக்கொடுத்தபடி, "உங்க பட்டியலைத்தான் மேடம், ஆபீஸ்ல புதுசா சேர்றவங்களுக்கு மாதிரியாக் காட்டுறோம். இப்படி ஒருத்தர் எழுதி நாங்க பார்த்ததே இல்ல" என்றார். மேஸ்திரி எரிச்சலில் உளியைக் கீழே போட்டார். அது விழுந்த இடம் எண்பத்தெட்டாம் உருப்படியான பூப்போட்ட தரை ஓடு. டேப்காரர் குனிந்து கீறல் விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார்.

இதில் யார் மேல் கோபப்படுவது என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

அவள் கல்லூரி நூலகம் ஒன்றில் இருபத்தாறு வருஷமாக அட்டவணை போடுகிறவள். எந்தப் புத்தகம் வந்தாலும் அதன் நீள அகலம், பக்கம், அட்டையின் கிழிசல் உட்பட எழுதி வைத்த பிறகுதான் அலமாரிக்கு அனுப்புவாள். வீட்டிலும் அதே கை. கடைக்குப் போகப் பட்டியல், ஊருக்குப் போகப் பட்டியல், யாரோடாவது சண்டை போட வேண்டுமென்றால் என்னென்ன கேட்க வேண்டும் என்று அதற்கொரு பட்டியல். கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பட்டியலக்கா. அப்பா நில அளவையராக இருந்தவர். எழுதி வைக்காதது இல்லாத மாதிரிதான் என்பது அவருடைய கட்சி. தன் பழைய இரும்பு டேப்பை அவர் பிள்ளைக்குக் கொடுக்காமல் பெண்ணுக்குத்தான் கொடுத்துவிட்டுப் போனார்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், அப்பா போன கையோடு, ஒரு கட்டட முதலாளி வீடு தேடி வந்தார். தொண்ணூறு வருஷத்து வீட்டை இடித்துவிட்டு ஒன்பது மாடி எழுப்பலாம் என்றார். தம்பிக்குக் கொஞ்சம் சபலம் தட்டியது. தம்பி இருப்பது வேறு ஊரில்; அவனுக்கென்ன, எந்த வீடு இடிந்தாலும் தூசி அவன் சட்டையில் விழப்போவதில்லை. பட்டியலக்கா வாக்குவாதமே செய்யவில்லை. நேராகப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போய் ஒரு படிவம் வாங்கி வந்தாள். 'வீட்டின் முக்கிய அம்சங்கள்' என்று போட்டு, அதற்குப் பத்து வரி விட்டிருந்தார்கள். பத்து வரி யாருக்குக் காணும்? மூன்று மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல், அப்பாவின் டேப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டை அளந்தாள். மாடிப்படியின் பதினேழு மரப் பலகைகள், கூடத்து ஜன்னலின் வண்ணக் கண்ணாடி, பித்தளைத் தாழ்ப்பாள், அப்பாவின் அலுவல் அறையில் இருந்த சுவர் அலமாரி, அவர் தொப்பி மாட்டிய கொக்கி. நாற்பத்திரண்டு பக்கம், இருநூற்றுப் பதினான்கு உருப்படிகள், புகைப்படத்தோடு. ஒவ்வொன்றின் முடிவிலும் அந்த 'எக்காரணம் கொண்டும்.'

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா டீயைக் கொண்டுவந்து அவள் முழங்கைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பாள்.

"எல்லாத்தையும் எழுதிட்டியா?"

"எழுதிக்கிட்டே இருக்கேன்மா."

"எழுது, எழுது" என்று சொல்லிவிட்டு அம்மா காலித் தம்ளரோடு உள்ளே போய்விடுவாள். முடித்த அன்றும் கேட்டாள். எல்லாம் எழுதியாயிற்று என்று இவள் சொன்னாள். வீடு பாதுகாப்புப் பதிவேட்டில் ஏறியது. கட்டட முதலாளி வந்த வழியே போனார். பட்டியலக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வாரம் தரையில் நடக்காத குறைதான்.

இப்போது அந்த ஆட்டமெல்லாம் அடங்கிவிட்டது. இரண்டு மாதத்துக்கு முன் அம்மாவுக்கு இடது பக்கம் வாதம் அடித்தது. மருத்துவமனையிலிருந்து மறுவாழ்வு மையத்துக்கு மாற்றினார்கள். அங்கே கட்டில் முப்பதாம் தேதி வரைக்கும்தான். அதற்கப்புறம் வேறொருவர் வரிசையில் இருக்கிறார். முப்பதாம் தேதிக்குள் வீடு தயாராக வேண்டும். ஆகவில்லையென்றால் அம்மா தம்பியோடு போக வேண்டியதுதான். அங்கே புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரும் காலையில் வேலைக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவார்கள்; அம்மா அடுக்குமாடி வீட்டில் பூட்டிய கதவுக்குப் பின்னால் யாரோ ஒரு கூலி ஆயாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். அம்மா ஒரே வார்த்தைதான் சொல்லியிருந்தாள். வாய் குழறியது, ஆனால் வார்த்தை தெளிவு. "வீட்டுக்கு."

அதற்காகத்தான் இந்த வேலை. கூரை ஒழுகலை அடைத்தாயிற்று. சிமெண்ட் கூடாது என்றார்கள். சுண்ணாம்புச் சாந்து குழைத்துச் சுவரைப் பூசியாயிற்று. புது மின்கம்பிகளைப் பழைய மரச்சட்டத்துக்குள்ளேயே ஒளித்து இழுத்தாயிற்று. உடைந்த வண்ணக் கண்ணாடித் துண்டு ஒன்றுக்காக அவள் ஏறி இறங்காத பழைய சாமான் கடை இல்லை. இத்தனையும் பழசு பழசாகவே இருக்கும்படி, டேப்காரர் தலையாட்ட, ஒழுங்காக நடந்தது. வாசல் படிகளுக்கு மேல் மரத்தில் ஒரு சரிவு செய்து வைக்கவும் அவர் ஒப்புக்கொண்டார், எடுத்துவிடலாமே என்று. எல்லாம் முடிந்து, பட்டியலக்கா வெற்றுச் சக்கர நாற்காலியை ஒத்திகைக்காக உருட்டிக்கொண்டு வந்தாள். சரிவில் ஏறியது, கூடத்தில் ஓடியது. அலுவல் அறை வாசலில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

கீழ்த்தளத்தில் கட்டில் போடக்கூடிய அறை அது ஒன்றுதான். கூடத்திலிருந்து பின்பக்கத்துக்குப் போகும் வாசல் அறுபத்து நான்காம் உருப்படி. அதுவும் இருபத்து மூன்று அங்குலம். அந்தப் பக்கம்தான் குளியலறை. கதவுகளைக் கழற்றிப் பார்த்தாள், பலனில்லை. சின்ன நாற்காலி கிடைக்குமா என்று கேட்டாள். அம்மா உட்கார்ந்து எழுந்திருக்கிற ஆள், பொம்மை இல்லை என்று மையத்தில் சொல்லிவிட்டார்கள். கூடத்திலேயே கட்டில் போட்டு, பக்கத்தில் கழிப்பு நாற்காலி வைத்துவிடலாமா என்று அம்மாவிடமே கேட்டாள். அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்றைக்கு முழுக்கத் திரும்பவே இல்லை.

அதற்கப்புறம்தான் மேஸ்திரியைக் கூப்பிட்டு, ஆனது ஆகட்டும், உடையுங்கள் என்றாள். ஸ்கூட்டர் வந்தது.

மறுநாள் அவளே அலுவலகத்துக்குப் போனாள். போவதற்கு முன் என்னென்ன கேட்க வேண்டும் என்று பதினோரு குறிப்பு எழுதிக்கொண்டாள். டேப்காரர் நாற்காலியைத் துடைத்து உட்கார வைத்தார். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அவளுடைய பட்டியலின் முதல் பக்கம் தொங்கியது. அதைப் பார்த்ததும் பதினோரு குறிப்பையும் மடித்துப் பைக்குள் வைத்துவிட்டாள்.

"திருத்தறதுக்கு வழி இருக்கு மேடம். மனு கொடுங்க. குழு கூடி முடிவு பண்ணும்."

"குழு எப்பக் கூடும்?"

"போன வாரம்தான் கூடிச்சு. இனிமே மூணு மாசம் ஆகும்."

"முப்பதாம் தேதி எங்கம்மா வர்றாங்கங்க. உங்க வீட்டுல இப்படி ஒருத்தர் இருந்தா என்ன பண்ணுவீங்க?"

அவர் உண்மையாகவே யோசித்தார். "நான் என் வீட்டைப் பதிவு பண்ணவே இல்ல மேடம்" என்றார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நானே எழுதினது. நானே சொல்றேன், அது தப்பு. அடிச்சுடுங்க."

"நீங்க எழுதினது மேடம், ஆனா இப்ப அது எங்களோடது. நீங்க அன்னைக்கு என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? நானே வந்து கேட்டாலும் விடாதீங்கன்னு சொன்னீங்க. நாம சிரிச்சோம்."

சிரித்தார்கள்தான். அவளுக்கும் ஞாபகம் இருந்தது. அன்றைக்கு இருந்த அந்தப் பட்டியலக்கா இப்போது கையில் கிடைத்தால் நல்ல அறை ஒன்று விட்டிருப்பாள்.

தம்பி அன்றே போனில் பிடித்தான். விஷயம் எப்படியோ அவன் காதுக்குப் போயிருந்தது.

"அக்கா, அன்னைக்கு நான் ஒரு ஜன்னல் கொக்கியைக் கழட்டினதுக்கு என்னா ஆட்டம் ஆடினே. இப்ப உன் கையையே நீ கட்டிப் போட்டுக்கிட்டே பாரு."

"குத்திக்காட்டத்தான் கூப்பிட்டியா?"

"இல்லக்கா. அம்மாவை நான் கூட்டிட்டுப் போறேன். இருபத்தொன்பதாம் தேதி வண்டி சொல்லட்டுமா?"

"வேணாம்."

"வேணாம்னா? எங்க வச்சுப் பார்ப்பே? உன் அறுபத்து மூணாம் நம்பர் மேலயா?"

போனை வைத்துவிட்டாள். அவன் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் அவள் வயிற்றெரிச்சல்.

சாயங்காலம் மறுவாழ்வு மையத்துக்குப் போனாள். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து வலது கையால் இடது கை விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டிருந்தாள். அது ஒரு பயிற்சி. இவள் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தாள்.

"வீடு?" என்றாள் அம்மா.

"கொஞ்சம் வேலை இருக்கும்மா. வாசல் பத்தல."

"உடை."

"உடைக்க விட மாட்டேங்கறாங்கம்மா. ஏதோ பட்டியல்ல இருக்காம்."

"எந்த மடையன்… எழுதினான்?"

அந்த மடையன் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆரஞ்சுச் சுளையில் நார் நீக்கிக்கொண்டிருந்தாள். அம்மா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சுளைக்காக வாயைத் திறந்தாள்.

மறுநாள் காலை மேஸ்திரி வந்து, சாந்துச் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். வேலைக்கு வந்த இரண்டு ஆட்களும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பன்னிரண்டு வருஷமாகப் பழைய வீடுகளில் வேலை செய்கிறவர், பொறுமைசாலி. அன்றைக்கு அந்தப் பொறுமையும் கை கழுவிவிட்டது.

"அக்கா, கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. உடைக்கலாம்னு ஒரு சுவர், ஒரே ஒரு சுவர், இந்த வீட்டுல இருக்கா? இருந்தா காட்டுங்க. இல்லன்னா நாங்க வேற வேலை பார்த்துட்டுப் போறோம்."

அவளுக்கும் ரோஷம் வந்துவிட்டது. பட்டியலின் நகலைக் கையில் எடுத்தாள். "வாங்க. ஒவ்வொரு ரூமாப் பார்ப்போம்."

வாசலிலிருந்து ஆரம்பித்தார்கள். மேஸ்திரி ஒரு சுவரைத் தட்டுவார், அவள் எண்ணைச் சொல்லுவாள். கூடத்துக் கிழக்குச் சுவர், ஒன்பது. மேற்குச் சுவர், பத்து. அலுவல் அறை ஜன்னல் திண்டு, எழுபது. பின்வழி வாசல், அறுபத்து நான்கு. வழியில் தொங்கும் விளக்குத் தண்டு, நூற்றுப் பதினெட்டு. மேஸ்திரி ஒரு கட்டத்தில் வெறும் ஆணியைத் தொட்டுக் காட்டினார். அதற்கும் எண் இருந்தது. அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

அப்படியே சமையலறைக்குள் நுழைந்தார்கள். பழைய வீட்டுச் சமையலறை, அகலமானது. கூரை வரை புகை படிந்து, பகலிலும் விளக்குப் போட்டால்தான் பாத்திரம் தெரியும். எட்டடி உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல். பின்சுவரில் சந்துக்குப் போகிற ஒரு குறுகல் கதவு. பக்கச் சுவருக்கு அந்தப்புறம் குளியலறை. அதை அப்பா பிற்பாடு கட்டியதால் பட்டியலில் சேர்க்கவில்லை.

"இது?" மேஸ்திரி பின்சுவரைத் தட்டினார்.

அவள் பக்கத்தைப் புரட்டினாள். நூற்றுப் பதினெட்டு, விளக்குத் தண்டு. நூற்றுப் பத்தொன்பது, மாடிப்படியின் கைப்பிடி. திரும்பப் பின்னால் புரட்டினாள். முன்னால் புரட்டினாள். ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கும் என்று பக்க எண்களைப் பார்த்தாள். எல்லாம் வரிசையாக இருந்தன.

"என்னக்கா?"

"இதுக்கு… நம்பர் இல்ல."

"இந்தப் பக்கத்துச் சுவர்?"

"இல்ல."

"கதவு? அந்த மேடை? தரை?"

"இல்ல. இல்ல. எதுவும் இல்ல!" அவள் குரல் கூரையில் மோதியது. மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்பாடா, சாமி கண்ணைத் திறந்துச்சு" என்றார். வெளியே உட்கார்ந்திருந்த ஆட்கள் சத்தம் கேட்டு ஓடிவந்தார்கள்.

டேப்காரர் போனில் இரண்டு நிமிஷம் கோப்பைப் புரட்டினார். "ஆமா மேடம். கிச்சனைப் பத்தி ஒரு வரிகூட இல்ல. முகப்பும் பட்டியலும்தான் எங்க பொறுப்பு. நீங்க தாராளமா உடைக்கலாம்." அவருக்கே நிம்மதியாக இருந்திருக்க வேண்டும், மூச்சு விட்டது போனில் கேட்டது.

அங்கேயே நின்று திட்டம் போட்டார்கள். பின்சுவரில் மூன்றரை அடி அகலத்துக்கு வாசல். சந்திலிருந்து அரையடி உயரம்தான், சிமெண்ட் சரிவு போதும். பக்கச் சுவரை உடைத்தால் நேராகக் குளியலறை. அம்மா கட்டில் இங்கே. சமையல் எங்கே என்று மேஸ்திரி கேட்டார். அவள் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, அப்பாவின் அலுவல் அறையில் மேசை போட்டு மின் அடுப்பு வைத்துவிடலாம் என்றாள். டேப்காரரிடம் அதையும் கேட்டாள். சமைக்கக் கூடாது என்று விதி எதுவும் இல்லை, ஆணி மட்டும் அடிக்காதீர்கள் என்றார்.

தம்பிக்கு அவளே போன் போட்டாள். குரலில் குதூகலம் வழிந்தது. அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரிதான்" என்றான். "அதெப்படிக்கா, அப்பா தொப்பி மாட்டின கொக்கியை எழுதினே, அடுப்படியை விட்டுட்டே?"

"விட்டுப்போச்சு. நல்லதுதானே?"

"நல்லதுதான்" என்றான் அவன்.

அன்று மத்தியானமே உடைக்க ஆரம்பித்தார்கள். பட்டியலக்கா மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு சாமான்களை வெளியே எடுத்தாள். மேடையை இடிக்கக் கடப்பாரையை வைத்த மேஸ்திரி, வைத்த கையை எடுத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்தார்.

"அக்கா, இந்தக் கல்லைப் பார்த்தீங்களா?"

அடுப்பு மேடைக்கு முன்னால், தரைக் கல்லில் இரண்டு பள்ளம். பக்கத்துப் பக்கத்தில், ஆழமில்லாமல், வழவழவென்று. மேஸ்திரி உள்ளங்கையால் தடவினார்.

"மாடிப்படிப் பலகை தேஞ்சிருக்குன்னு படம் பிடிச்சு எழுதியிருந்தீங்க. இது கல்லுக்கா. கல்லு இப்படித் தேயணும்னா எத்தனை வருஷம் ஒருத்தர் ஒரே இடத்துல நிக்கணும்? இதை ஏன் எழுதல?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். மூன்று மாதம் அளந்தாள். எட்டு வாசல் அளந்தாள், பதினேழு படி அளந்தாள், மாடி மூலையில் யாருமே நிமிர்ந்து பார்க்காத மர வேலைப்பாட்டை ஏணி போட்டு அளந்தாள். இந்த அறைக்குள் டேப்பை எடுத்துக்கொண்டு ஒரு தரம்கூட வரவில்லை. தோன்றவே இல்லை. மறந்துபோயிருந்தாலாவது மனசு ஆறும். இது மறதி இல்லை. வீட்டில் முக்கியமானது எது என்று கேட்டபோது அவள் மனசு இந்த வாசல் வரைக்கும் வந்து, திரும்பிப் போயிருக்கிறது. அதே நேரம் இங்கிருந்துதான் டீ வந்துகொண்டிருந்தது. எல்லாத்தையும் எழுதிட்டியா என்று அம்மா மூன்று மாதம் கேட்டாள். இவள் எழுதிவிட்டேன் என்றாள்.

அவமானமாக இருந்தது. அம்மா வீட்டுக்கு வரப்போவது இவளுடைய கெட்டிக்காரத்தனத்தால் இல்லை. இவள் அம்மாவை ஒரு பொருட்டாக நினைக்காமல் விட்டதால். இத்தனை நாள் டேப்காரர் மேல், குழுவின் மேல், தம்பியின் மேல் பொங்கிய எரிச்சலெல்லாம் திரும்பி வந்து அவள் மேலேயே உட்கார்ந்துகொண்டது.

"என்ன பண்றது, எடுத்துடலாமா?" மேஸ்திரி கடப்பாரையோடு காத்திருந்தார். நாற்காலி ஓடத் தரை சமமாக வேண்டும்.

"மேடையை இடிங்க. கல்லைப் பேத்து, உடையாம ஓரமா வைங்க" என்றாள். துணியை மூக்கிலிருந்து கண் வரைக்கும் ஏற்றிக் கட்டிக்கொண்டாள். தூசி என்று மேஸ்திரி நினைத்திருப்பார்.

முப்பதாம் தேதி காலையில் வண்டி சந்துக்குள் நுழைந்தது. தம்பியும் வந்திருந்தான். இரண்டு பேருமாக அம்மாவை இறக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நாற்காலி சரிவில் ஏறி, புது வாசலில் எங்கேயும் முட்டாமல் உள்ளே போனது. வெள்ளையடித்த சுவர், கட்டில், பக்கத்திலேயே குளியலறைக் கதவு. மேஸ்திரி கடைசிப் பூச்சை முடித்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மேடை இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"அடுப்பு?"

"அப்பா ரூம்ல இருக்கும்மா."

அம்மாவின் வாய் வலது பக்கமாகக் கோணியது. சிரிப்பு என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பட்டியலக்கா நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். இதற்கு அவள் குறிப்பு எதுவும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. "அம்மா, அந்தப் பட்டியலை எழுதின மடையன் நான்தான்."

"தெரியும்."

"இந்த இடத்தை மட்டும் எழுதல. விட்டுட்டேன். உன்னோட இடத்தை விட்டுட்டேன்மா."

அம்மா நல்ல கையை நீட்டி அவள் தலைமுடியிலிருந்த சுண்ணாம்புத் துணுக்கை எடுத்தாள். "நல்லதாப் போச்சு" என்றாள். பிறகு தலையை நிமிர்த்தி மேலே பார்த்தாள். எட்டடி உயரத்து ஜன்னல் மட்டும் பழையபடி இருந்தது. "அதை… இறக்கச் சொல்லு."

"ஜன்னலையா?"

"உங்கப்பாகிட்ட… கேட்டேன். ரெண்டு தடவ. சுவரு பலம் போயிடும்னாரு." ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தி நிறுத்தி வந்தது. "அம்பது வருஷமா… அதுல புகை மட்டும்தான்… வெளிய பார்த்துச்சு."

தம்பி ஜன்னலையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தான். மேஸ்திரிதான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பலமெல்லாம் போகாதுக்கா. எவ்வளவு இறக்கணும்?" என்று கேட்டார்.

பட்டியலக்கா எழுந்து போய் அப்பாவின் இரும்பு டேப்பை எடுத்து வந்தாள். நுனியைத் தரையில் காலால் மிதித்துக்கொண்டு, நாற்காலியை ஒட்டி மேலே இழுத்தாள். அம்மா கழுத்தை நேராக நிமிர்த்தி, படம் எடுக்க உட்கார்ந்தவள் மாதிரி அசையாமல் இருந்தாள். டேப் அம்மாவின் கண்ணுக்கு நேராக நின்றது.

"மூணடி எட்டங்குலம்" என்றாள் பட்டியலக்கா.

"அப்ப அடி விளிம்பு ரெண்டே முக்கால்ல இருக்கட்டும். சந்து நல்லாத் தெரியும்." மேஸ்திரி சுவரில் கரியால் ஒரு கோடு இழுத்தார்.

அவள் கை, பழக்க தோஷம், பையிலிருந்த சின்ன நோட்டைத் தேடிப் போனது. அம்மா பார்த்துவிட்டாள்.

"எழுதாதே" என்றாள். "அப்புறம்… ஒரு ஆணி அடிக்க முடியாது."

தம்பி பக்கென்று சிரித்துவிட்டான். பட்டியலக்கா நோட்டைப் பைக்குள் தள்ளிவிட்டு, அம்மாவின் கண்ணில் தூசி படாமல் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டாள். மேஸ்திரி ஏணியைப் போட்டு, உளியை ஜன்னலுக்கடியில் வைத்தார். சுத்தியலை ஓங்கும்போது பழக்கத்தில் ஒரு தரம் வாசல் பக்கம் காது கொடுத்தார். ஸ்கூட்டர் எதுவும் வரவில்லை.